ஏழாம் பக்கத்துக் கோடு

அச்சகத்தில் அவரைப் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். செய்தித்தாள் அச்சடிக்கிற மெஷின் அங்கே மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது; உருளைமேல் உருளையாக அடுக்கிய எட்டு கோபுரங்கள். ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சந்து. மெஷினை வரைந்த புண்ணியவான்கள் காகிதம் போக வழி விட்டார்கள், மை போக வழி விட்டார்கள். அதைத் துடைக்கவும் முடுக்கவும் ஒரு மனிதன் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். அப்புறம் வண்ணப் பக்கங்கள் வந்தபோது, மிச்சமிருந்த சந்திலும் மைக்குழாய்களையும் ஒயர்ப் பெட்டிகளையும் கொண்டுவந்து செருகினார்கள். அதற்குள் நுழையக்கூடிய ஒரே ஃபிட்டர் இவர்தான்.

வேலைக்குச் சேரும்போது வயது இருபத்து நான்கு, இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். வயது தானாக ஏறியது. இடுப்பு சாப்பாட்டினால் ஏறியது. அது எவ்வளவு ஏறியது என்பது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் சரியாகத் தெரியும். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். வருஷத்துக்கு ஒருமுறை அவருடைய கால்சட்டைகளை எடுத்து இடுப்புத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தருவாள். சென்ற வருஷம் பிரிப்பதற்குத் துணி மிச்சமில்லாமல் போயிற்று.

"பல்லி உடும்பாயிடுச்சு," என்றாள். "ஆபீஸ்ல சொல்லிடுங்க. இல்லன்னா ஒருநாள் சந்துக்குள்ள சிக்கிட்டு நிப்பீங்க."

அவர் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஒரு மனிதனைப் பார்த்து, 'உன்னைத் தவிர யாராலும் முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் வயிற்றை எக்கிக்கொண்டாவது அதை உண்மையாக்கத்தான் பார்ப்பான்.

மெஷின் ராத்திரியில் ஓடும். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பராமரிப்பு நேரம். பல்லி உள்ளே போவதற்கு முன் செய்கிற காரியங்கள் மூன்று. முதலில் மின்சாரப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கித் தன்னுடைய பூட்டை அதில் மாட்டுவார். அதன் சாவி அவர் கழுத்துக் கயிற்றிலேயே தொங்கும். பூட்டில் ஒரு பித்தளை வில்லை, அதில் யாரோ குறும்புக்காரன் ஆணியால் கீறிய பல்லிப் படம். அந்தப் பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், எவனும் மெஷினைத் தொடமாட்டான். இரண்டாவது, சட்டைப்பையைக் காலி செய்வார். மூன்றாவது, ஸ்பேனரை நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஒரு சின்னத் திருகாணி உருளைகளுக்கு நடுவே விழுந்தால் போதும். ரப்பர் விரிப்பு கிழியும், உருளையில் பள்ளம் விழும், மறுநாள் பத்திரிகை வராது. அந்த அச்சகத்தில் பொய் சொன்னவனை மன்னித்திருக்கிறார்கள், குடித்துவிட்டு வந்தவனை மன்னித்திருக்கிறார்கள். மெஷினுக்குள் இரும்பைப் போட்டவனை மன்னித்ததில்லை.

இப்படி நூல் கட்டி, பூட்டுப் போட்டு, ஒழுங்காக வேலை செய்த மனிதர்தான் ஒன்பது வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் ஒரு கோளாறு செய்தார்.

அன்று அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம். மனைவியின் தம்பி; அதே அச்சகத்தில் நாலாம் கோபுரத்தின் பிரிண்டர். மெஷின் ஓடும்போது மையைக் கூட்டிக் குறைத்துப் பக்கத்தைச் சுத்தமாகக் கொண்டுவருகிற வேலை. ஆள் நெடுநெடுவென்று உயரம். கை மட்டும் தனியாக வளர்ந்ததுபோல் நீளம். அந்த வேலையை இவர்தான் அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அவனும் மாமா மாமா என்று உயிரை விடுவான். கல்யாணம் பத்தரை மணிக்கு. ஆறு மணிக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது: நாலாம் கோபுரத்தில் ஏழாம் பக்கம் ஒரு ஓரமாக வெளிறிப்போகிறது, உடனே வர வேண்டும்.

உள்ளே புகுந்து பார்த்தார். சந்தின் கோடி மூலையில், மை உருளையைத் தாங்குகிற பிராக்கெட் உட்காரும் இடம் தேய்ந்து உருளை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முறைப்படி என்றால் குழாய்களைக் கழற்றி, பிராக்கெட்டை வெளியே எடுத்து, புதிது மாட்ட வேண்டும். எட்டு மணி நேர வேலை. முறைகெட்டபடி என்றால், தேய்ந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து அடைக்கலாம். ஃபிட்டர்கள் அதைப் பேக்கிங் என்பார்கள். பக்கத்தின் எழுத்தெல்லாம் பதிந்த பழைய அலுமினிய பிளேட்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். அன்றைய பத்திரிகையை அடித்து முடித்து, கழற்றிப் போட்டவை. ஒன்றை எடுத்தார். அதன் மேல் ஓரம் ஏற்கெனவே நேராக இருப்பதால், அங்கே வெட்டினால் ஒரு வெட்டு மிச்சம். கத்திரியால் ஒரு பட்டையை வெட்டி, மடித்து, பிராக்கெட்டுக்கு அடியில் திணித்து முடுக்கினார். 'நாளைக்கு வந்து சரியாகப் பண்ணிடலாம்' என்று சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். கையைக் கழுவவும் நேரமில்லை. வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் மாட்டியிருக்கிற போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

நாளைக்கு வரவில்லை. மறுநாள் வேறு கோபுரத்தில் வேறு கோளாறு. அடுத்த வாரம் எட்டு மணி நேரம் கேட்டார். "ஓடுற மெஷினை எதுக்குய்யா பிரிக்கணும்?" என்றார் மேனேஜர். பல்லிக்கும் சந்தின் கோடிவரை போய்வருவது ஒன்றும் சுகமான காரியமில்லை. விட்டுவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. பேக்கிங் நசுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். மச்சினன் மையைக் குறைத்தான், கூட்டினான், உருளையை மாற்றக் கேட்டான், மாற்றினார்கள், கோடு போகவில்லை. மந்திரி முகத்தில் கோடு விழுந்தது. விளம்பரத்துக்கு நின்ற நடிகையின் கழுத்தில் விழுந்தது. மெஷினில்தான் ஏதோ கோணல் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். கூடம் உண்மையிலேயே கோணல் என்று அங்கே நின்ற ஒருவருக்குத் தெரியும். அவரும் லேசாகச் சிரித்துவைத்தார்.

இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, மச்சினனை மெஷினிலிருந்து இறக்கிக் கட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அச்சாகி வருகிற பத்திரிகைகளை எண்ணி, அடுக்கி, கட்டி, வேனில் ஏற்றுகிற இடம். அவன் போன பிறகும் கோடு போகவில்லை. அதற்கும் ஒரு வியாக்கியானம் தயாராக இருந்தது: 'அவன் கண்டபடி திருகி மெஷினையே கெடுத்துட்டுப் போயிட்டான்.' கடைசியில் ஏழாம் பக்கத்தில் வரி விளம்பரங்களைப் போட்டுவிட்டார்கள். வீடு வாடகைக்கு, சைக்கிள் விற்பனைக்கு. அதன்மேல் கோடு விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பல்லி கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவர் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் நல்லது செய்துவிடுவதில்லை. மாற்றல் உத்தரவு வந்த அன்று வாயைத் திறந்திருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். மறுநாள் சொல்லியிருந்தால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஒரு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படித் தள்ளிக்கொண்டே போனதில் அது ஏழு வருஷமாக வளர்ந்துவிட்டது. இடையில் இரண்டு முறை அந்தக் கோடி மூலைக்குப் போனார். விளக்கடித்து அந்தத் தகட்டைப் பார்த்தார். பக்கத்து பேரிங்குக்கு கிரீஸ் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது கோடு திடீரென்று மறைந்தால், எப்படி மறைந்தது என்று கேட்பார்களே என்ற பயம்.

மச்சினன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாலையில் சாப்பிட வருவான். சந்தேகம் என்பது அவன் மனதில் ஒரு துளியும் இல்லை. பல்லி அவன் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்துவிடுவார்.

இந்த நிலையில்தான் நிர்வாகம் ஒரு பெண் இன்ஜினியரை அனுப்பியது. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு நோட்டு. மெஷினைச் சுற்றி மூன்று நாள் நடந்தாள். எங்கே தலை இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை, எந்த ஏணியில் ஏறினால் வழுக்குகிறது என்று எழுதினாள். இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் கேட்க ஒரு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை. ஆளாளுக்குக் கூப்பிட்டுத் தங்கள் தழும்புகளைக் காட்டினார்கள். அளவுக்காரம்மா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

சந்துக்கு வந்ததும் நின்றாள். "இதுக்குள்ள எப்படிப் போறாங்க?"

"எங்ககிட்ட பல்லி இருக்காரும்மா," என்றார் மேனேஜர் பெருமையாக. "அவர் போவார்."

"அவர் லீவு போட்டா?"

"அவர் லீவு போட மாட்டார்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு இடத்துக்கு ஒருத்தர்தான் போக முடியும்னா, அங்க இருக்கிற கோளாறும் அந்த ஒருத்தர் கண்ணுக்குத்தான் தெரியும் சார். அவர் தலை சுத்தி விழுந்தாக்கூட நமக்குத் தெரியாது," என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த பல்லி, துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

அவளுடைய திட்டம் எளிமையானது. மைக்குழாய்களையும் ஒயர்ப் பெட்டியையும் மேலே தூக்கிவிடுவது. சந்தின் வாயில் கதவுபோல் திறக்கிற கம்பித் தடுப்பு. உள்ளே, பட்டனை அழுத்தினால் ஏறி இறங்குகிற ஒரு மேடை. யார் வேண்டுமானாலும் நின்றபடியே எந்த உருளையையும் தொடலாம். வேலை தொடங்குவதற்கு முன் எட்டு கோபுரங்களிலும் ஒவ்வொரு பிராக்கெட்டையும் பிரித்துப் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நாலாம் கோபுரத்தில் ஆரம்பம்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டான்.

"மாமா, எல்லாத்தையும் பிரிக்கப் போறாங்களாமே. அந்த நாலாம் கோபுரத்தைக் கொஞ்சம் நல்லாப் பாக்கச் சொல்லுங்க. நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா? நீங்க ஒருத்தர்தான் என்னைப் பாத்துச் சிரிக்காதவரு."

அவனுக்கு அப்படித்தான் நினைவிருந்தது. பல்லி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏங்க, பாதியில எந்திரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"போதும்."

அன்று இரவு முழுக்க யோசித்து அவர் கண்டுபிடித்த வழி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழிதான். புதன்கிழமை கடைத்தெருவில் நல்ல எஃகுத் தகடு ஒன்று வாங்கிச் சரியான அளவுக்குத் தேய்த்துவைத்தார். வியாழக்கிழமை அளவுக்காரம்மா வருவதற்குள் உள்ளே போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட வேண்டியது. அலுமினியத்தை மடித்துத் திணிப்பதுதான் முறைகேடு; அளவெடுத்துத் தேய்த்த எஃகுத் தகட்டை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அலுமினியத் துண்டை மறைத்துவிட்டால் ஒன்பது வருஷமும் மறைந்தது.

ஒன்பதரை மணிக்குப் பூட்டை மாட்டினார். பையைக் காலி செய்தார். ஸ்பேனரை மணிக்கட்டில் கட்டினார். எஃகுத் தகட்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். மூச்சை வெளியே விட்டால்தான் அந்தச் சந்தில் நெஞ்சு நுழையும், விட்டு, நுழைந்தார். குழாய் இருக்கிற இடத்தில் வழக்கத்தைவிட அதிகமாக உரசியது. தள்ளிக்கொண்டு போனார். பிராக்கெட்டைத் தளர்த்திப் பழையதை உருவினார், புதியதை வைத்தார், முடுக்கினார். கை பழகிய வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலைக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று என்பதை நினைத்து அவருக்கே தன்மேல் கோபம் வந்தது.

திரும்பும்போது குழாய்க்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டார்.

இடது கை தொடையோடு ஒட்டி நசுங்கிவிட்டது. வலது கை தலைக்கு மேலே நீண்டிருந்தது, அந்தக் கையில் அலுமினியத் துண்டு. தலைக்கு மேலே ஒரு கம்பி உண்டு. அதைப் பிடித்து உடம்பை ஓர் அங்குலம் தூக்கினால் வெளியே வந்துவிடலாம். ஆனால் கம்பியைப் பிடிக்க வேண்டுமானால் கையில் இருப்பதை விட வேண்டும். விட்டால் அது நேராக உருளைகளுக்கு நடுவே விழும். முழங்கை மடங்காது, அதனால் வாயில் கடிக்கவும் முடியாது. முப்பது வருஷத்தில் அவர் கையிலிருந்து மெஷினுக்குள் ஒன்றும் விழுந்ததில்லை. மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, அது மட்டும் முடியாது என்று கை சொல்லிவிட்டது. மனைவி சொன்ன உடும்பு அந்தத் துண்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

பத்தே முக்காலுக்குப் பேச்சுக்குரல் கேட்டது. அளவுக்காரம்மா சீக்கிரமே வந்துவிட்டாள், கூட மேனேஜர்.

"பூட்டுத் தொங்குதே. அண்ணே, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மாட்டிக்கிட்டேன்."

மேனேஜர் பதறினார். அவள் பதறவில்லை. விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தாள். "மூச்சு விட முடியுதா? எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டாள். முடிகிறது, வலிக்கவில்லை என்றதும், "அப்படியே அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே, அளவு எடுத்துக்கறேன். இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது," என்று நாடாவை நீட்டினாள். சட்டத்திலிருந்து குழாய்க்கு இருபத்தேழு சென்டிமீட்டர், நடுவில் மனிதன் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"மேலேருந்து கை விட்டுத் தோளைத் தூக்கணும்," என்றார் மேனேஜர். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "அவ்வளவு தூரம் கை எட்டுற ஆளு ஒருத்தன்தான். கட்டுப் பிரிவுல, விக்காம திரும்பி வந்த பேப்பரை எண்ணிட்டிருப்பான். கூப்பிடுங்க."

மச்சினன் ஓடி வந்தான். ஏழு வருஷம் கழித்து நாலாம் கோபுரத்தில் ஏறினான். வெளி ஏணியில் மேலே போய், படுத்து, சந்துக்குள் எட்டிப் பார்த்தான். கீழே நின்றவர்களுக்கு அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. மேலே அவர்கள் இரண்டு பேர்தான்.

"பயப்படாதீங்க மாமா. கம்பியைப் பிடிங்க, நான் தோளைத் தூக்கறேன்."

"பிடிக்க முடியாது மாப்ள."

"கையில என்ன? அதை எங்கிட்டக் குடுத்துட்டுப் பிடிங்க."

பல்லி கொடுக்கவில்லை. மச்சினனுடைய நீளமான விரல்கள் அவர் முஷ்டிக்குப் பக்கத்திலேயே விரிந்து காத்துக்கொண்டிருந்தன. அவர் வாழ்நாளில் யோசித்ததையெல்லாம் அந்த அரை நிமிஷத்தில் யோசித்திருப்பார். வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வழி அந்தக் கைதான்.

"என்ன மாமா, குழந்தை மாதிரி. குடுங்க."

முஷ்டியைத் திறந்தார்.

மச்சினன் துண்டை வாங்கினான். பையில் போடப் போனவன், பழைய பிரிண்டர் பழக்கத்தில், பிளேட் என்றதும் பிரித்துப் பார்த்தான். மடிப்புக்குள் எண்ணெய் காத்துவைத்திருந்த எழுத்து அப்படியே இருந்தது. பக்கத்தின் மேல் ஓரம்: பத்திரிகையின் பெயரில் பாதி, ஏழு என்ற எண், அதன் பக்கத்தில் தேதி.

மற்றவர்களுக்கு அது ஒரு தேதி. அவனுக்கு அது தன் கல்யாண நாள்.

அவன் தேதியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். உள்ளே, மூலையில் பளபளக்கிற புது எஃகுத் தகட்டைப் பார்த்தான். ஏழு வருஷம் கட்டுக் கட்டினாலும் பிரிண்டர் பிரிண்டர்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துண்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"கம்பியைப் பிடிங்க," என்றான். மாமா என்று சொல்லவில்லை.

தூக்கி வெளியே எடுத்துவிட்டு இறங்கினான். என்னப்பா நடந்தது என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், குழாய் இடிக்குது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கட்டுப் பிரிவுக்குப் போனான்.

அவன் சொல்லியிருந்தால் பல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தியிருந்தால் இன்னும் சுலபம். அவன் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அவரை உட்காரவிடவில்லை. கையைக் கழுவினார். பூட்டைக் கழற்றினார். டீ வந்தது, குடிக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு, தேய்மானம் என்ன, தான் வைத்தது என்ன, அதனால் விழுந்தது என்ன கோடு, யார் மேல் பழி போயிற்று என்று எழுதினார். ஐந்து வரிதான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளே அளவுக்காரம்மாவும் இருந்தாள்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "யோவ், இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமேய்யா. இப்பதான் சரி பண்ணியாச்சே," என்றார். கூடம் கோணல் பழமொழியைச் சொன்னது தன் வாய்தான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"சொல்லாம இருந்துதான் சார் இவ்வளவு தூரம் வந்திருக்கு," என்றார் பல்லி.

அளவுக்காரம்மா பதிவேட்டை வாங்கி, அந்த ஐந்து வரியையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

பல்லிக்கு மெமோ வந்தது. மச்சினனுக்கு மறுபடியும் நாலாம் கோபுரத்துக்கு உத்தரவு வந்தது. அந்த வாரமே கோடு இல்லாத ஏழாம் பக்கம் வெளிவந்தது. அதை ஊரில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் குழாய்கள் மேலே போயின, கதவு வந்தது, மேடை வந்தது. மேடையின் அகலத்துக்குப் பல்லியை அளக்கக் கூடாது என்று அளவுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். காகித உருளை ஏற்றுகிற பீரோ என்கிற ஆளை நிறுத்தி அளந்தாள்; பெயரே ஆளைச் சொல்லும். மேடை வந்த முதல் நாள் பீரோ சந்துக்குள் நின்று டீ குடித்துக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். பல்லியும் தட்டினார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. இனி அவர் லீவு போடலாம், போடாமலும் இருக்கலாம், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலையில் மச்சினன் அவரோடு பேசினான். நாலாவது உருளைக்கு கிரீஸ் வேண்டும், மேடை பட்டன் இறுகுகிறது. அவ்வளவுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்ட மனைவியிடம் பல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அன்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள் வெகுநேரம் மிதிக்கவே இல்லை. "அவன் என் தம்பிங்க," என்று மட்டும் சொன்னாள்.

மேடை வந்து மூன்றாவது ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு மச்சினன் தனியாக வந்தான். அக்கா தட்டை வைத்தாள். உட்கார்ந்தான். எதிரே கூடத்துச் சுவரில் கல்யாணப் போட்டோ. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையைப் பின்னால கட்டிட்டு நிக்கிறீங்களே, இத்தனை நாளா நான் அதை மரியாதைன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான்.

"மை, மாப்ள. கழுவ நேரமில்ல. உன் கல்யாணத்துக்கு வந்தே ஆகணும்னுதான்..."

மச்சினன் சோற்றைப் பிசைந்தான். கோபம்கூடக் குரலில் இல்லை.

"நீங்க கல்யாணத்துக்கே வராம இருந்திருந்தா, ஒரு வாரம் கோச்சிக்கிட்டு இருந்திருப்பேன் மாமா. அவ்வளவுதான்."

பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, எட்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பினான்.